லான்சர், மாட்டிஸ், கெட்ஸ், கிசாஷி: ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்

போன் வந்தால் எந்த ஊருக்கு என்று கேட்குமுன் என்ன வண்டி என்று கேட்டுவிடுவேன். பதினாறு வருஷமாகக் கோயமுத்தூரில் ஆக்டிங் டிரைவர் வேலை, கூப்பிடுகிறவர்களின் சொந்தக் காரை ஓட்டிக் கொடுப்பது. ஸ்விஃப்ட், ஐ20, இன்னோவா என்றால் சாவியை வாங்கி, சீட்டை நகர்த்தி, கண்ணாடியைத் திருப்பிக் கிளம்ப வேண்டியதுதான். எப்போதாவது ஒரு நாள், "ஏதோ பழைய லான்சராமாண்ணா, ஓட்டுவீங்களா?" என்று கேட்பார்கள். அன்றைக்கு அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுவேன்.

இந்த ஊரில் கார் பிரியர்கள் அதிகம். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தளம் இருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இங்கத்துப் பிள்ளை. அதனால்தானோ என்னவோ, மற்ற ஊரில் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்ட வண்டிகளை இங்கே இன்னும் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். ஷோரூமில் கூட்டம் சேராத ஜப்பான் வண்டி, கொரியா வண்டி என்று பலதும் என் கைக்கு வந்திருக்கின்றன. வாங்கியவர்கள் ஒரு வண்டியைப் பற்றித்தான் சொல்ல முடியும். எனக்கு திங்கள்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று. எது முதுகு வலிக்க வைத்தது, எது ராத்திரி பதினொரு மணிக்கும் தூக்கம் வராமல் ஓட்ட வைத்தது என்று உடம்புக்கே கணக்குத் தெரியும். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் லான்சர். சாய்பாபா காலனியில் ஒரு ரிட்டயர்டு மில் இன்ஜினியர் வைத்திருக்கிறார். 2002 மாடல், 1.5 பெட்ரோல். மிட்சுபிஷி என்றதும் பலர் அதை இறக்குமதி வண்டி என்று நினைக்கிறார்கள். அது நம்ம திருவள்ளூரில் செய்த வண்டி. அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனிதான் மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998-ல் அங்கே லான்சரைக் கொண்டுவந்தது. இன்றைக்கு அதே திருவள்ளூரில் சிட்ரோயன் வண்டிகள் வருகின்றன.

லான்சரில் ஏறுவது என்று சொல்ல முடியாது, உள்ளே இறங்க வேண்டும். சீட் அவ்வளவு தாழ்வு. உட்கார்ந்ததும் கால் நீண்டுவிடும், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முழங்கால் மடங்காது. இப்போது வரும் வண்டிகளில் எல்லோரும் உயரமாக உட்கார ஆசைப்படுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் தாழ்வாக உட்கார்ந்து வளைவில் திரும்பும்போது வண்டியும் நம் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும். அதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினியரையும் அவர் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு மைசூர் போயிருக்கிறேன், சத்தியமங்கலம் வழியாக. பண்ணாரி அம்மன் கோயில் தாண்டினால் திம்பம் மலை, 27 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி 9 மணிக்கு மேல் காரை விட மாட்டார்கள் என்பதால் திரும்பி வரும்போது கொஞ்சம் விரட்டித்தான் வர வேண்டியிருந்தது. இறங்கும்போது இரண்டாம் கியர், பிரேக்கில் கால் லேசாக. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து ஸ்டீயரிங்கை ஒரே சுற்றாகத் திருப்பிப் பிடித்தால் மூக்கு சொன்ன இடத்துக்குப் போகும். அந்தப் பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் முன் டயர் எதன்மேல் போகிறது, மண்ணா, தாரா, தண்ணியா என்று உள்ளங்கைக்குத் தெரியும். பின்பக்கம் தனித்தனியாக வேலை செய்யும் மல்டி-லிங்க் சஸ்பென்ஷன். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடுத்த சக்கரத்தை அது இழுக்காது. அதனால் வளைவின் நடுவில் பள்ளம் வந்தாலும் வண்டி எகிறி வெளியே தள்ளாமல் ஒரு அமுக்கு அமுங்கி நிமிர்ந்துவிடும். டோம்மி மாக்கினென் 1996 முதல் 1999 வரை நாலு வருஷம் தொடர்ந்து உலக ராலி சாம்பியன் ஆனது லான்சர் இவலூஷனில். நான் ஓட்டியது சாதா 1.5தான், அதற்கும் இதற்கும் இன்ஜினில் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் திம்பத்தில் இறங்கும்போது அந்தக் குடும்ப ஜாடை தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஏற்றத்தில் ரேஸ் கொடுத்தால்தான் இழுவை வரும். ஏ.சி.யை அணைத்துவிட்டு ஏறுவதே நல்லது. வயிறு ரொம்பத் தாழ்வு. அவர்கள் வீட்டுத் தெருமுனையில் ஒரு ஸ்பீடு பிரேக்கர், பள்ளிக்கூடத்துக்காகப் போட்டது, மலை மாதிரி இருக்கும். நேராக ஏற்றினால் அடி தட்டும். முதல் நாள் நான் கோணலாகத் திருப்பும்போதே பின்னாலிருந்து அந்த அம்மா, "இருங்க தம்பி, நாங்க இறங்கிக்கறோம்" என்று கதவைத் திறந்தார். இருவரும் இறங்கி அந்தப் பக்கம் நடந்துபோய் நின்றார்கள். நான் மெதுவாக ஏற்றி இறக்கினேன், தட்டவில்லை. திரும்ப ஏறிக்கொண்டார்கள். இருபது வருஷமாக இதே மாதிரிதான் என்றார் இன்ஜினியர். ஒரு வண்டிக்காகத் தினமும் இறங்கி நடக்கிறார்கள் என்றால் அதற்கு மேல் அந்த வண்டிக்கு நான் என்ன மார்க் போடுவது?

டீசல் லான்சரும் ஓட்டியிருக்கிறேன். 2 லிட்டர், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ கிடையாது, 68 குதிரைத் திறன். ஓவர்டேக் பண்ண நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டும். ஆனால் நிதானமாக ஓட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும். வயசானவர்களுக்கு நல்ல வண்டி. 2006-ல் வந்த லான்சர் சீடியா அதற்கு நேர் எதிர். 2 லிட்டர் பெட்ரோல், 115 குதிரைத் திறன். கேத்தனூர் காற்றாலைப் பக்கம் செம்மண்ணில் ராலி நடக்கும்போது சீடியா புழுதி கிளப்பிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். நான் ஓட்டியது ஒரே தடவை, பாலக்காடு போய் வந்தேன், அவ்வளவுதான். வாளையாறு தாண்டி நாலாம் கியரில் மிதித்தபோது வந்த அந்த இழுப்பு இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்தது மாட்டிஸ். டேவூ என்றால் இப்போதுள்ள பசங்களுக்குத் தெரியாது. 1998 கடைசியில் சான்ட்ரோவும் மாட்டிஸும் ஒரே சமயத்தில் வந்தன, இரண்டும் கொரியாக்காரர்களுடையவை. சான்ட்ரோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், மாட்டிஸ் டெல்லிப் பக்கம் சூரஜ்பூரில். மாட்டிஸின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியூஜாரோ. முதலில் ஃபியட்டுக்காக வரைந்தது, அவர்கள் வேண்டாம் என்றபின் டேவூ வாங்கிக்கொண்டது. அப்புறம் கொரியாவில் டேவூ கம்பெனியே கடனில் மூழ்கியது. முதலாளி கிம் வூ-சுங் 1999-ல் நாட்டைவிட்டே போய்விட்டு 2005-ல்தான் திரும்பினார். இங்கே வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அந்த வழியில் வந்த அடுத்த வண்டிதான் ஷெவர்லே ஸ்பார்க். அந்தக் கம்பெனியும் 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. ஒரே வண்டிக் குடும்பத்துக்கு இரண்டு முறை அப்படி நடந்தது.

வடவள்ளியில் ஒரு ரிட்டயர்டு டீச்சர், 2000 மாடல் மாட்டிஸ் வைத்திருக்கிறார். மூட்டு வலி வந்தபின் மாசத்துக்கு இரண்டு தடவை என்னைக் கூப்பிடுவார். பேங்க், ஆஸ்பத்திரி, பெரிய கடை வீதி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. ஸ்டார்ட் பண்ணி நிற்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் இருக்கும், பூனை மடியில் உட்கார்ந்து உறுமுகிற மாதிரி. முதல் கியரில் நகர்ந்ததும் அது போய்விடும். கண்ணாடி எல்லாப் பக்கமும் பெரிசு. தூண் மறைப்பது குறைவு. டவுன்ஹால் பக்கம் ஆட்டோவும் டூவீலரும் நாலாபுறமும் சூழ்ந்து நிற்கும்போது யார் கால் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியும். கூரை உயரம் என்பதால் டீச்சர் குனியாமல் ஏறுகிறார். கிளட்ச் பஞ்சு. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய வண்டியில் ஐந்து கியரும் வெண்ணெயில் கத்தி மாதிரி விழுகின்றன. டீச்சர் அப்படி வைத்திருக்கிறார்.

எப்படி வைத்திருக்கிறார் என்று ஒரு நாள் காட்டினார். மாடிப்படிக்குக் கீழே ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே கிளட்ச் கேபிள் இரண்டு, வைப்பர் மோட்டார் ஒன்று, கதவுக் கைப்பிடிகள், ரப்பர் புஷ்கள், எல்லாம் பழைய பால் பாக்கெட் கவரில். அடியில் ஒரு சுங்குடிப் புடவையில் சுற்றிய ஹெட்லைட், வலது பக்கத்துக்கானது. தம்பி மகன் சென்னையில் இருக்கிறானாம். புதுப்பேட்டைக்குப் போய் மாட்டிஸை உடைப்பதைப் பார்த்தால் அத்தைக்குப் போன் பண்ணிவிடுவான். "இடது பக்கம் இன்னும் கிடைக்கல தம்பி, அதனால இடது பக்கம் பாத்து ஓட்டுங்க" என்றார். அதிலிருந்து மாட்டிஸை எடுத்தால் என் கண் முழுக்க இடது பக்கத்திலேயே இருக்கிறது.

இனி கெட்ஸ். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச ஆசைப்படுகிறேன். ஹூண்டாய் கெட்ஸ் 2004-ல் வந்தது, பெட்ரோல். அது ஒன்றும் விசேஷமில்லை, நல்ல சுமாரான வண்டி. 2007-ல் டீசல் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் சங்கதி. வெர்னாவில் போட்ட அதே 1.5 சி.ஆர்.டி.ஐ. இன்ஜின், 110 குதிரைத் திறன், அதைத் தூக்கி நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன வண்டியில் வைத்துவிட்டார்கள். அப்போது எல்லோரும் கொண்டாடிய ஸ்விஃப்ட் டீசல் 75தான். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஆனால் விலையைப் பார்த்தவர்கள் இந்தக் காசுக்கு டிக்கி வைத்த வண்டியே வாங்கலாமே என்று போய்விட்டார்கள்.

பீளமேட்டில் ஒரு தம்பதி வீட்டில் இருந்தது, அடர் நீலம். முதல் தடவை ஓட்டியபோது அந்த அண்ணன் எச்சரித்தார்: "இரண்டாயிரம் தாண்டினா கொஞ்சம் கோவமா இருக்கும், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கங்க." நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேலம் தாண்டி உளுந்தூர்பேட்டை ரோடு. அப்போதெல்லாம் நாலு வழி போய்க்கொண்டே இருந்து பைபாஸ் வந்தால் இரண்டு வழியாகச் சுருங்கும். முன்னால் கரும்பு லாரி, எதிரே தூரத்தில் பஸ். மூன்றாம் கியர் போட்டு மிதித்தேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு விசில் சத்தம். அடுத்த நொடி முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. முன் சக்கரம் லேசாக வலது பக்கம் இழுத்தது, பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் லாரி பின்கண்ணாடியில் சின்னதாகத் தெரிகிறது, பஸ் இன்னும் தூரத்திலேயே இருக்கிறது. பக்கத்து சீட்டில் அந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு நொடி இடைவெளிதான் கெட்ஸின் குணம். டர்போ விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். அதைத் தெரிந்துகொண்டு, தேவைக்கு ஒரு நொடி முன்னால் மிதிக்கக் கற்றுக்கொண்டால் உங்கள் காலும் வண்டியும் பேசிக்கொள்ளும். டவுனுக்குள் அவ்வளவு சுகமில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் முதல் கியருக்கு வர வேண்டும், ஸ்டீயரிங் லேசாக இருந்தாலும் மூக்கு கனம் தெரியும். வெளி அழகும் சாதாரணம்தான், பார்த்தால் மளிகை வாங்கப் போகிற வண்டி மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. சென்னை போய்ச் சேரும்போது எனக்குக் களைப்பே இல்லை. கிண்டியில் இறக்கிவிட்டு, திரும்பவும் ஓட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு டாக்டர் வீட்டில் சுசுகி கிசாஷி இருக்கிறது. மாருதி ஷோரூமில் ஆல்ட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி விற்ற வண்டி. 2011-ல் ஜப்பானிலிருந்து முழுசாக இறக்கினார்கள், 16 லட்சத்துக்கு மேல். 2.4 லிட்டர் பெட்ரோல், 178 குதிரைத் திறன். கிசாஷி என்றால் ஜப்பானிய மொழியில் நல்லது நடக்கப்போவதன் அறிகுறி, நம்ம ஊர் நல்ல சகுனம் மாதிரி. அந்தப் பணத்துக்கு மாருதி வண்டியா என்று நம்ம ஆட்கள் ஒதுங்கிவிட்டார்கள். டோல்கேட்டில் சீட்டுக் கிழிக்கிற பையன் இரண்டு தடவை என்னிடம் கேட்டிருக்கிறான், "என்ன வண்டிண்ணா இது?" என்று.

டாக்டரிடம் இருப்பது ஆறு கியர் மேனுவல். கதவை மூடும்போது வரும் சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிடும், கனமான மரப்பெட்டி மூடுகிற மாதிரி. உள்ளே ஆடம்பரம் கண்ணில் குத்தாது. தையல், பொத்தான், கைபடுகிற இடம் எல்லாம் அழுத்தமாக இருக்கும், ஒன்றும் ஆடாது. பெங்களூர் விமான நிலையத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பிப் போயிருக்கிறேன். நூறில் போகும்போது உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். ஆறாம் கியரில் இன்ஜின் இருக்கிறதா என்றே தெரியாது. தொப்பூர் கணவாயில் லாரிக்காக மெதுவாகி, மறுபடி வேகம் எடுக்கும்போது கெட்ஸ் மாதிரி உதைக்காது. அலை மாதிரி, இடைவெளி இல்லாமல் எழும்பிக்கொண்டே போகும். பின்சீட்டில் டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார், எழவில்லை. டிரைவருக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டாம். டவுனுக்குள் லிட்டருக்கு ஒன்பதுதான் கிடைக்கிறது. இறக்குமதி வண்டி என்பதால் ஒரு கண்ணாடி உடைந்தாலும் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் பில்லை டாக்டர் பார்ப்பதே இல்லை என்கிறார், நான் பார்த்தேன்.

சாங்யாங் ரெக்ஸ்டனை இரண்டு தடவை வால்பாறைக்கு ஓட்டினேன், திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவருடையது. சாங்யாங் என்றால் கொரிய மொழியில் இரட்டை டிராகன். மஹிந்திரா அந்தக் கம்பெனியை வாங்கியபின் 2012-ல் இங்கே வந்தது. மெர்சிடிஸ் வழியில் வந்த 2.7 லிட்டர் டீசல், ஐந்து சிலிண்டர். நாலுமில்லாமல் ஆறுமில்லாமல் ஐந்து என்பதால் சத்தமே தனி, ஒரு மாதிரி கரகரவென்று பாட்டுப் பாடும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி. இவ்வளவு பெரிய வண்டி வளைவில் சாய்வது உண்மை, பின்னால் இருந்த பிள்ளைகள் இரண்டு பேர் பாதி மலை தாண்டுவதற்குள் பிளாஸ்டிக் கவர் கேட்டுவிட்டார்கள். ஆனால் கியர் லீவரின் பக்கவாட்டில் கட்டை விரலுக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதை ஒரு தட்டு தட்டினால் ஆட்டோமேட்டிக் ஒரு கியர் இறங்கும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் கட்டை விரலாலேயே வண்டியை இறக்கினேன். அந்த யோசனை யாருக்கு வந்ததோ, மலையில் ஓட்டுபவராகத்தான் இருக்க வேண்டும்.

நிசான் மைக்ராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம ஒரகடத்தில் செய்து எண்ணூர் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கே போன வண்டி. உள்ளூரில் பெண்கள் வண்டி என்று பெயர் வைத்து ஒதுக்கினார்கள். அது என்ன பேச்சோ! குறுகலான சந்தில் அதைப்போலத் திரும்பும் வண்டியை நான் அதிகம் பார்த்ததில்லை. சி.வி.டி., அதாவது கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் உள்ளதை வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டார். அவர்கள் சாதா ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். ஒரு மாசத்தில் கியர்பாக்ஸ் முடிந்தது, செலவு வண்டி விலையில் பாதி. சி.வி.டி.க்கு அதற்கென்றே உள்ள ஆயில்தான். கேனைக் கண்ணால் பார்த்தபின் ஊற்றச் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட வண்டியை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. ஒரே வண்டிதான் வீட்டில், தினமும் ஆபீஸ் போக வேண்டும் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இரண்டாவது வண்டி, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் போன் எடுக்கிற தூரத்தில் இருக்கிறார், டீச்சர் மாதிரி ஒரு டிரங்குப் பெட்டி வைக்கப் பொறுமை இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது. சூடாக்கி வைத்துக் காட்டினால் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போங்கள்.

பீளமேட்டு அண்ணன் கெட்ஸை விற்றுவிட்டார், யாரிடம் போனது என்று தெரியவில்லை. போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் நண்பர் கூப்பிட்டார். 2008 மாடல், சி.ஆர்.டி.ஐ., இரண்டாவது ஓனர், ஆர்.சி. ஒருமுறை புதுப்பித்தாகிவிட்டது, பெயின்ட் போயிருக்கிறதாம். என்ன கலர் என்று கேட்டேன். அடர் நீலம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குள் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.